மாகாளிக்கிழங்கு எந்த மலையிலிருந்து வந்தது? காட்டுச் செடிகளின் மரபணு வேறுபாட்டைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் சீசன் வந்துவிட்டால் மாகாளிக்கிழங்கைச் சாக்கில் கொட்டி வைத்திருப்பார்கள். மூட்டைப்பூச்சி நாற்றம் என்று ஓடுகிறவர்களும் உண்டு, தயிர்சாதத்துக்கு வேறென்ன வேண்டும் என்று இரண்டு கிலோ வாங்குகிறவர்களும் உண்டு. என் அம்மா இரண்டாவது ரகம். பெங்களூருக்கு வந்த புதிதில் அவருக்காகக் கிழங்கு வாங்கப் போனபோது, இது எந்த ஊர்க் கிழங்கு என்று கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். "எந்த ஊரா இருந்தா என்ன தம்பி, மலையிலேர்ந்து வருது" என்றார்.

நான் ஓர் ஆய்வகத்தில் புராஜெக்ட் அசிஸ்டென்டாகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எந்த மலை என்ற கேள்வி அன்று மண்டைக்குள் ஏறியது, இறங்கவில்லை. ஒரு மலையின் கொடியும் பக்கத்து மலையின் கொடியும் ஒரே கூட்டமா, வேறுவேறா? ஒரு மலையில் தோண்டித் தீர்த்துவிட்டால் இன்னொரு மலையிலிருந்து விதை கொண்டுவந்து போடலாமா? பாடப்புத்தகம் மரபணுப் பன்மை, கூட்ட அமைப்பு என்று தலைப்புப் போட்டுச் சொல்வது இவற்றைத்தான். (ஆய்வகத்தில் எல்லாரும் பாப்புலேஷன் என்பார்கள். இங்கே கூட்டம் என்றே சொல்கிறேன்.)

எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஜிகேவிகே, இந்திய அறிவியல் கழகம், என்சிபிஎஸ், ஏட்ரீ என்று இந்த ஊர் ஆய்வு நிறுவனங்களுக்கு வந்து இறங்கும் நம் ஊர்ப் பிள்ளைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வந்ததும் எல்லாருக்கும் ஆசை மெஷின் மேல். நான் பார்த்தவரை பெரிய தவறுகள் காட்டிலேயே நடந்துவிடுகின்றன. காட்டில் கெட்டதை ஆய்வகத்தில் சரிசெய்ய முடியாது. அதனால் காட்டைப் பற்றி நிறையச் சொல்வேன், மெஷினைப் பற்றிக் கொஞ்சம்.

கேள்வி முதலில், செடி அப்புறம்

"இந்தச் செடியின் மரபணுப் பன்மையைப் பார்க்கப்போகிறேன்" என்பது கேள்வி ஆகாது. பார்த்து என்ன செய்யப்போகிறீர்கள்? "பெங்களூருக்கு மேற்கே இருக்கும் சாவனதுர்கா மலையின் கொடிகளும் கிழக்கே ஆந்திரப் பக்கத்து மலைக் கொடிகளும் ஒன்றோடொன்று மகரந்தமும் விதையும் பரிமாறிக்கொள்கின்றனவா?" என்று கேட்டால் அது கேள்வி. எத்தனை மலைக்குப் போகவேண்டும், ஒரு மலையில் எத்தனை செடி, எந்த மார்க்கர் (செடிக்குச் செடி வேறுபடும் டிஎன்ஏ இடம்) என்பதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

மாகாளி இதற்கு நல்ல உதாரணம். டெகாலெபிஸ் ஹாமில்டோனி என்பது அதன் அறிவியல் பெயர். தக்காணத்தின் வறண்ட பாறைக் குன்றுகளில் இடுக்குகளில் வேர்விட்டுப் படரும் கொடி. குன்றுக்கும் குன்றுக்கும் நடுவே வயலும் ஊரும் ரோடும் வந்துவிட்டதால் ஒவ்வொரு குன்றும் ஒரு தீவு மாதிரி. விதையில் பஞ்சுக் குஞ்சம் இருக்கும், காற்றில் பறக்கும். அப்படியானால் தீவுகள் இன்னும் சேர்ந்திருக்கின்றனவா, பிரிந்துவிட்டனவா? வேரைத் தோண்டினால் பெரும்பாலும் கொடியே போய்விடும் என்பதால் பதிலுக்கு அவசரமும் உண்டு.

செடியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு விஷயத்தை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்: குரோமோசோம் தொகுதி எத்தனை? நம்மைப் போல இரண்டு தொகுதி என்றால் கணக்கு எளிது. காட்டு நெல்லி அப்படி இல்லை, பல தொகுதிகள் கொண்டது. ஒரே மரத்தில் டிஎன்ஏவின் ஒரே இடத்தில் நான்கைந்து வடிவங்கள் வரிசையாக வந்து நின்றால், முதல் புராஜெக்ட் செய்கிறவர் அழுதுவிடுவார். நெல்லி நல்ல மரம்தான், முதல் ஆய்வுக்கு வேண்டாம்.

அனுமதி

காட்டிலிருந்து ஓர் இலையைக் கிள்ளவும் அனுமதி வேண்டும். கர்நாடக வனத்துறையின் தலைமை அலுவலகமான அரண்ய பவன் மல்லேஸ்வரம் பதினெட்டாவது கிராஸில் இருக்கிறது. சரணாலயத்துக்குள் ஆய்வுக்காகப் போவதற்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவின்படி தலைமை வனவிலங்குக் காப்பாளர்தான் அனுமதி தரவேண்டும். விண்ணப்பத்தில் செடியின் பெயர், இடம், ஒரு செடிக்கு எத்தனை இலை, மொத்தம் எத்தனை சாம்பிள் எல்லாவற்றையும் எண்ணோடு எழுதுங்கள். "தேவையான அளவு" என்று எழுதினால் கோப்பு திரும்பி வரும். மூன்று நான்கு மாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

வெளிநாட்டுக் கூட்டாளி இருந்தாலோ சாம்பிள் வெளிநாடு போவதாக இருந்தாலோ 2002 பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே வரும், சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தைக் கேட்கவேண்டியிருக்கும். வழிகாட்டிப் பேராசிரியரிடம் இதை வாய்மொழியாக விடாமல் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள்.

அனுமதிக் கடிதத்தின் நகலைப் பையில் வையுங்கள், கன்னடத்திலும் இருந்தால் நல்லது. ஒருமுறை நகரத்துக்குள்ளேயே ஒரு வளாகத்தில் சந்தன மரத்தடியில் நீண்ட கொக்கியோடு நின்றுகொண்டிருந்தேன். காவலாளி வந்து, "ஏனு மாட்தா இதீரி?" என்று கேட்ட தொனியில் எனக்கு வியர்த்துவிட்டது. சந்தன மரம் திருடுபோகும் ஊரில் அதன் பக்கத்தில் கத்தரிக்கோலோடு நிற்பவனை வேறு எப்படிக் கேட்பார்?

கன்னடம் பற்றி ஒன்று. மாகடி பக்கம் போய்க் கேட்டபோது "மாகளி பேரு" என்றார் ஒருவர். "ஆமாம், பேரு மாகாளிதான், எங்கே கிடைக்கும்?" என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். நம் வேர் அவர்களுக்குப் பேரு. வா என்பது பா ஆகிற ஊரில் வேர் எப்படி வேராகவே இருக்கும்?

எந்தச் செடி, எத்தனை செடி

இங்கே நிதானமாகப் படியுங்கள்.

ஒரு கூட்டத்துக்கு 25லிருந்து 30 செடி என்பது எஸ்எஸ்ஆர் மார்க்கருக்கு வழக்கமான எண்ணிக்கை (மார்க்கர் வகைகளைப் பின்னால் சொல்கிறேன்). ஆயிரக்கணக்கான எஸ்என்பி (டிஎன்ஏவில் ஓர் எழுத்து மட்டும் மாறும் இடம்) கிடைக்கும் முறையென்றால் குறைவாக எடுத்தும் சமாளிக்கலாம். ஆனால் எந்த முப்பது என்பதுதான் விஷயம். புதிதாகப் போகிறவர் பாதையோரமாகவே முப்பதையும் எடுத்துவிடுவார். பாதையோரச் செடிகள் ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்க வாய்ப்பு அதிகம். சாவனதுர்காவில் கரிகுட்டா, பிளிகுட்டா என்று இரண்டு பாறைமலைகள். 1,226 மீட்டர் உயரம், ஆசியாவின் பெரிய ஒற்றைக்கல் குன்றுகளில் ஒன்று என்று பெயர் பெற்றது. கோயிலுக்குப் போகும் வழியில் கண்ணில் பட்டதை எடுத்துவிட்டு "சாவனதுர்காக் கூட்டம்" என்று எழுதினால் அது பொய். இரண்டு மலையிலும், அடிவாரத்திலும் மேலேயும், பின்பக்கச் சரிவிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், எது கரிகுட்டா எது பிளிகுட்டா என்று நோட்டில் பிரித்து எழுதுங்கள். செடிக்கும் செடிக்கும் இடைவெளி விடுங்கள். கொடிக்குக் குறைந்தது பத்திருபது மீட்டர், பெரிய மரத்துக்கு ஐம்பது என்பது நான் வைத்துக்கொள்ளும் கணக்கு.

இடைவெளிக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளியே பார்த்தால் பல செடி, மண்ணுக்கு அடியில் ஒரே உயிர். சந்தனம் வேரிலிருந்து குருத்து விட்டு முளைக்கும். நான் முதன்முதலில் சந்தனத் தோப்பு ஒன்றில் இருபத்துச் சொச்சம் மரத்தில் இலை எடுத்து வந்தேன், பெருமையாக. மார்க்கர் போட்டுப் பார்த்தால் பத்துகூடத் தேறவில்லை, மீதியெல்லாம் ஒரே மரத்தின் நகல். மூங்கில் புதர்களிலும் இதே கதைதான். சந்தேகம் இருந்தால் நோட்டில் "பக்கத்து மரத்தோடு வேர்த்தொடர்பு இருக்கலாம்" என்று எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து நகல்களைக் கழிக்கும்போது அந்த ஒரு வரி காப்பாற்றும்.

கிழட்டு மரங்களோடு கன்றுகளையும் எடுங்கள், ஆனால் தனித்தனிப் பட்டியலாக. நூறு வயது மரம் தன் காலத்துக் காட்டைத்தான் உங்களுக்குச் சொல்லும். நடுவில் ரோடு போட்டதும் காடு துண்டானதும் அந்த மரத்தின் டிஎன்ஏவில் இருக்காது, அதன் அடியில் முளைத்திருக்கும் கன்றுகளில் இருக்கும். பெரிய மரத்தை மட்டும் பார்த்துவிட்டு "பன்மை நன்றாக இருக்கிறது, கவலை வேண்டாம்" என்று எழுதிய கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

ஜிபிஎஸ் புள்ளியை டெசிமல் டிகிரியில் தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் வரை எழுதுங்கள். ஐந்தாவது இலக்கம் சுமார் ஒரு மீட்டர். போன் அவ்வளவு துல்லியம் கிடையாது, பாறைச் சுவருக்குக் கீழே நின்றால் இன்னும் மோசம். நோட்டில் முழுப் புள்ளி இருக்கட்டும். வெளியிடும்போது ஒரே ஒரு இலக்கத்தோடு நிறுத்துங்கள், அது சுமார் பதினொரு கிலோமீட்டர் துல்லியம்தான். தோண்டி விற்கப்படும் செடியின் முகவரியைத் துல்லியமாக அச்சிட்டுக் கொடுப்பது நம் வேலை இல்லை.

ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒரு கிளையாவது உலர்தாவரமாக அழுத்தி எடுத்துவாருங்கள். இந்திய அறிவியல் கழகத்தில் ஜேசிபி உலர்தாவரச் சாலை இருக்கிறது, கர்நாடகத் தாவரங்களின் டிஜிட்டல் தொகுப்பையும் அவர்கள் வைத்திருக்கிறார்கள். நன்னாரியும் மாகாளியும் ஒரே குடும்பம், இரண்டின் வேரும் மணக்கும், சந்தையில் நன்னாரிக்குப் பதிலாக மாகாளி போவதும் உண்டு. பூவில்லாத சின்னக் கொடியை எடுத்துவந்துவிட்டு, "அந்தக் கூட்டம் மட்டும் ஏன் இவ்வளவு விலகி நிற்கிறது?" என்று யோசிப்பதைவிட, செடி எது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்வது மேல்.

இலையைக் காயவைப்பது

இளம் இலை எடுங்கள். முற்றிய இலையில் துவர்ப்புச் சத்தும் பசைச் சத்தும் கூடுதல், டிஎன்ஏ எடுக்கும்போது அவைதான் எதிரி. மாகாளியைக் கிள்ளினால் பால் வடியும். காம்பைக் கொஞ்சநேரம் கீழ்நோக்கிப் பிடித்து, பால் நின்றதும் டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டுப் பொட்டலத்தில் போடுங்கள்.

பொட்டலம் என்பது காலி டீ பை. அதற்குள் இரண்டு மூன்று இலை, பெரிதாக இருந்தால் நீளவாக்கில் கிழித்து. டீ பையை ஜிப்லாக் கவரில் போட்டுச் சுற்றிலும் சிலிக்கா ஜெல். இலையின் எடையைப் போலப் பத்து மடங்காவது இருக்கவேண்டும். நிறம் மாறுகிற ரகம் வாங்குங்கள், நீலம் ரோஸ் ஆனால் ஈரத்தைக் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். மறுநாள் காலை ஒவ்வொரு கவரையும் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ரோஸ் தெரிந்தால் கொட்டிவிட்டுப் புது ஜெல் போடுங்கள். இலை ஒரு நாளைக்குள் காய்ந்து, மடித்தால் அப்பளம் போல் நொறுங்கவேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. மெதுவாகக் காய்ந்த இலை பார்ப்பதற்குப் பச்சையாகவே இருக்கலாம், உள்ளே டிஎன்ஏ துண்டு துண்டாகியிருக்கும். பழைய ஜெல்லை எறியாதீர்கள், ஆய்வக ஓவனில் நூறு நூற்றிருபது டிகிரியில் வைத்தால் மறுபடி நீலமாகும்.

லேபிளைப் பென்சிலால் எழுதுங்கள். நான் ஜெல் பேனாவால் எழுதினேன். தூசி படிந்த இலையை எழுபது சதவீத எத்தனாலில் துடைத்துத் துடைத்துப் போட்டேன், கைவிரல்கள் எல்லாம் எத்தனால். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் பதினொரு கவரில் நீலக் கறை மட்டும் இருக்கிறது, எண் இல்லை. மலை ஏறினது, முள் கிழித்தது, எல்லாம் போச்சு. எந்த இலை எந்தக் கொடியுடையது என்று தெரியாத சாம்பிள் குப்பைக்குச் சமம். இப்போதெல்லாம் பென்சிலால் எழுதின துண்டுச்சீட்டு டீ பைக்குள் ஒன்று, கவர் மேல் ஒன்று, நோட்டில் ஒன்று. சாயங்காலம் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்பிவைத்துவிட்டுத்தான் சாப்பாடு.

டிஎன்ஏ எடுப்பது

இதற்கு ஆயிரம் நெறிமுறைகள் கிடைக்கும். பெரும்பாலானவை 1987இல் டாயில் தம்பதி எழுதிவைத்த சிடேப் முறையின் வாரிசுகள் (சிடேப் என்பது செல்லை உடைக்கும் சோப்பு மாதிரி ஒரு பொருள்). இலையைப் பொடியாக்கி, சிடேப் கரைசலில் 65 டிகிரியில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, குளோரோஃபாமும் ஐசோஅமைல் ஆல்கஹாலும் 24க்கு 1 என்று கலந்ததைச் சேர்த்துச் சுழற்றினால் மூன்று அடுக்காகப் பிரியும். மேல் அடுக்கை மட்டும் உறிஞ்சி, ஐசோபுரொப்பனால் விட்டு, எழுபது சதவீத எத்தனாலில் கழுவினால் அடியில் டிஎன்ஏ. குளோரோஃபாமை ஃப்யூம் ஹூடுக்கு வெளியே திறக்காதீர்கள்.

பால் வடிகிற செடி என்றால் துவர்ப்பை அடக்கக் கரைசலில் பிவிபியும் மெர்காப்டோஎத்தனாலும் கூட்டவேண்டியிருக்கும். அடியில் உட்கார்வது வெள்ளையாக இருந்தால் சந்தோஷம். பழுப்பாக, தேன் மாதிரி ஒட்டினால் துவர்ப்பும் சர்க்கரையும் கூடவே வந்துவிட்டது. டிஎன்ஏவின் தூய்மையை ஒளியால் அளக்கும் நானோட்ராப்பில் 260/280 விகிதம் 1.8 பக்கத்தில் இருப்பதை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். 260/230 இரண்டுக்கு வெகு கீழே இருந்தால், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் மௌனம் சாதிக்கும். நானோட்ராப் டிஎன்ஏ துண்டாகியிருக்கிறதா என்று சொல்லாது, அதற்கு அகரோஸ் ஜெல்லில் மின்சாரம் விட்டு ஓட்டிப் பார்க்கவேண்டும்.

மார்க்கர்

பழைய இந்தியக் கட்டுரைகளில் ரேப்பிட், ஐஎஸ்எஸ்ஆர் என்று நிறையப் பார்ப்பீர்கள். மலிவு, பிரைமர் (பிசிஆர் தொடங்க டிஎன்ஏவில் ஒட்டும் சிறு துண்டு) வடிவமைக்கவேண்டாம். ஆனால் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும், ஒரு செடியில் தாய்வழி, தந்தைவழி என்று வந்த இரண்டு நகலும் ஒரே மாதிரியா வேறுவேறா என்று சொல்லாது. ரேப்பிட் அடுத்த ஆய்வகத்தில் அப்படியே வருமா என்பதும் சந்தேகம். இன்று புதிதாகத் தொடங்குபவர் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்பது என் கருத்து.

எஸ்எஸ்ஆர் என்பது டிஎன்ஏவில் சிறு சொல் திரும்பத் திரும்ப வரும் இடம். ஒரு செடியில் பத்து தடவை, இன்னொன்றில் பதின்மூன்று. இரண்டு நகலும் தெரியும். பத்துப் பன்னிரண்டு இடங்களை வைத்தே நல்ல ஆய்வு செய்யலாம். அளவு வித்தியாசம் இரண்டு எழுத்தாகக்கூட இருக்கும் என்பதால் சாதாரண அகரோஸ் ஜெல்லில் கண்ணால் படிக்காதீர்கள், துண்டின் நீளத்தைத் துல்லியமாக அளக்கும் கேபிலரி மெஷினில் ஓட்டக் கொடுங்கள். ராட்சீக், ஜிபிஎஸ் (வழி காட்டுகிற ஜிபிஎஸ் இல்லை, டிஎன்ஏவை வரிசைப்படுத்தும் முறை) போன்றவை ஆயிரக்கணக்கான எஸ்என்பி தரும், பணமும் கம்ப்யூட்டர் பழக்கமும் வேண்டும். பெரும்பாலான பூக்கும் செடிகளில் குளோரோபிளாஸ்ட் டிஎன்ஏ தாய்வழி மட்டும் வரும். விதை போன வழியையும் மகரந்தம் போன வழியையும் பிரித்துப் பார்க்க ஆசைப்பட்டால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த முறையானாலும் இரண்டு பழக்கம். ஒன்று, பத்தில் ஒரு சாம்பிளை இரண்டு தடவை ஓட்டுங்கள், பிழை எவ்வளவு என்று தெரியும். இரண்டு, பிளேட்டில் (சாம்பிள்களை ஒன்றாக ஓட்டும் குழித்தட்டு) சாம்பிள்களைக் கலைத்துப் போடுங்கள். முதல் பிளேட் முழுக்க சாவனதுர்கா, இரண்டாவது முழுக்க இன்னொரு மலை என்று அடுக்கினால், அப்புறம் வரும் வேறுபாடு மலையுடையதா பிளேட்டுடையதா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கணக்கு

எண்கள் கைக்கு வந்ததும் எல்லாரும் நேரே மென்பொருளுக்குப் போவார்கள். ஒரே ஒரு இடத்தையாவது பேப்பரில் போட்டுப் பாருங்கள்.

ஒரு மலையில் 25 கொடி. ஒரு மார்க்கர் இடத்தில் 'அ', 'ஆ' என்று இரண்டு வடிவம் என்று வைத்துக்கொள்வோம். 25 கொடிக்கு 50 நகல், அதில் 40 'அ', 10 'ஆ'. அதாவது 0.8, 0.2. எல்லாக் கொடியும் யாரோடு வேண்டுமானாலும் மகரந்தம் பரிமாறினால், இரண்டு நகலும் வேறுவேறாக இருக்கும் செடிகள், அதாவது ஹெட்டரோசைகஸ் செடிகள், எத்தனை இருக்கவேண்டும்? 1908இல் ஹார்டியும் வைன்பெர்க்கும் தனித்தனியாகச் சொன்ன கணக்கு: 2 × 0.8 × 0.2 = 0.32. இருபத்தைந்தில் எட்டு. நீங்கள் எண்ணிப் பார்த்தால் நான்குதான் இருக்கிறது, 0.16. எதிர்பார்த்ததில் பாதி காணோம். ஒன்றிலிருந்து 0.16/0.32ஐக் கழித்தால் 0.5. இதுதான் உள்ளினச் சேர்க்கைக் கெழு, நெருங்கிய உறவுக்குள் சேர்வதை அளக்கும் எண்.

0.5 பெரிதா சிறிதா? நம் வீட்டுக் கணக்கோடு ஒப்பிடுங்கள். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் பிறக்கும் குழந்தைக்கு இது 1/8. அத்தை மகனும் மாமன் மகளும் என்றால் 1/16. தன் மகரந்தத்தைத் தானே ஏற்ற செடியின் விதைக்கு 1/2. சரி, அப்படியென்றால் இந்த மலையில் கொடிகள் தம்மோடு தாமே சேர்கின்றன என்று எழுதிவிடலாமா? பொறுங்கள். இன்னும் இரண்டு காரணம் இருக்கலாம். பிரைமர் ஒட்டாத ஒரு வடிவம் கண்ணுக்குத் தெரியாமலே போயிருக்கலாம். அப்போது ஹெட்டரோசைகஸ் செடியும் ஒரே வடிவம் கொண்டதாகத் தெரியும். ஒரே ஒரு மார்க்கர் மட்டும் இப்படிக் காட்டி மற்றவை காட்டவில்லையென்றால் பழி பிரைமர் மேல்.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பிடித்தது. இன்னொரு மலையில் 'அ' 0.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எதிர்பார்ப்பு 2 × 0.4 × 0.6 = 0.48. முதல் மலையில் 0.32. சராசரி 0.40. இரண்டு மலையும் ஒரே கூட்டம் என்று நினைத்துக் கொட்டிக் கலந்தால் 'அ' 0.6 ஆகும், எதிர்பார்ப்பு 2 × 0.6 × 0.4 = 0.48. ஆனால் காட்டில் உண்மையில் கிடைப்பது 0.40தான். யாரும் தன்னோடு தான் சேரவில்லை, நாம்தான் இரண்டு வீட்டை ஒரே வீடு என்று எண்ணினோம். இதை 1928இல் வாலுண்ட் காட்டினார். கரிகுட்டா, பிளிகுட்டா என்று நோட்டில் பிரித்து எழுதச் சொன்னதற்குக் காரணம் இதுதான். பிரித்து எழுதியிருந்தால் சேர்த்தும் பார்க்கலாம், பிரித்தும் பார்க்கலாம். சேர்த்து எழுதிவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை.

அதே எண்களில் அடுத்த விடையும் கிடைக்கிறது. கலந்ததில் 0.48, தனித்தனியில் 0.40, வித்தியாசம் 0.08. அதை 0.48ஆல் வகுத்தால் சுமார் 0.17. இதுதான் ஸீவால் ரைட்டின் எஃப்எஸ்டி, மொத்த வேறுபாட்டில் மலைக்கும் மலைக்கும் இடையே இருக்கும் பங்கு. அவர் தந்த தோராய அளவுகோலில் 0.05 வரை கொஞ்சம், 0.15 தாண்டினால் பெரிது, 0.25 தாண்டினால் மிகப் பெரிது. இதை வேதவாக்காக எடுக்காதீர்கள். எஸ்எஸ்ஆர் போல வடிவங்கள் குவிந்த மார்க்கரில், கூட்டங்களுக்குள்ளேயே ஹெட்டரோசைகஸ் அளவு 0.8 என்றால், மலைகளுக்கு இடையே பொதுவான வடிவம் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் எஃப்எஸ்டி 0.2ஐத் தாண்டாமலே நின்றுவிடும். பழைய கட்டுரையின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடுமுன் இரண்டும் ஒரே வகை மார்க்கரா என்று பாருங்கள்.

நிறப்பட்டைப் படம்

கட்டுரைகளில் வரிசையாக நிறப்பட்டைகள் நிற்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். 2000இல் பிரிட்சார்டும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஸ்ட்ரக்சர் மென்பொருளின் வேலை அது. எத்தனை கூட்டம் என்று நாம் ஓர் எண் கொடுப்போம், அது செடிகளைப் பங்கு பிரித்துக் காட்டும். மூன்று என்றால் மூன்றாகப் பிரிக்கும், ஏழு என்றால் ஏழாகவும் பிரித்துத்தரும், மறுக்காது. அதனால் முதலில் ஒரு சாதாரண பிசிஏ படம் (ஒத்த செடிகள் பக்கத்தில் பக்கத்தில் புள்ளியாக விழும் படம்) போட்டுப் பாருங்கள். ஆர் மென்பொருளில் ஆடிஜெனெட், எக்செல்லிலேயே ஓடும் ஜெனலெக்ஸ், இரண்டும் இலவசம்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து தடவையாவது ஓட்டுங்கள். நகல் செடிகளையும் நெருங்கிய உறவுகளையும் முன்பே கழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு குடும்பத்தையே தனிக் கூட்டம் என்று வரைந்து தரும். தூரம் கூடக்கூட வேறுபாடு மெல்லக் கூடுவதும் இயற்கை. மேற்கே ஐந்து மலை, கிழக்கே ஐந்து மலை என்று எடுத்து நடுவில் விட்டுவிட்டால் மென்பொருள் அந்த இடைவெளியில் கோடு போடும். கோடு செடியுடையது இல்லை, உங்கள் பயணத் திட்டத்தினுடையது. எஸ்என்பி தரவு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: ஹார்டி-வைன்பெர்க் கணக்குக்குப் பொருந்தாத எஸ்என்பிகளை நீக்கும் வடிகட்டியை எல்லாக் கூட்டத்தையும் கலந்து போடாதீர்கள். தேடி வந்த வித்தியாசத்தையே அது வழித்துப் போட்டுவிடும்.

முடிவை என்ன செய்வது

வனச்சரக அலுவலருக்கு எஃப்எஸ்டி வேண்டாம். விதை எங்கிருந்து எடுக்கலாம், எத்தனை தாய்ச்செடியிலிருந்து எடுக்கவேண்டும் என்று ஒரு பக்கம் கன்னடத்தில் எழுதிக் கொடுங்கள். ஒரே ஒரு செழிப்பான கொடியிலிருந்து ஆயிரம் விதை எடுத்து நட்டால் மலை பச்சையாகிவிடும், அடுத்த தலைமுறை முழுக்க அக்கா தம்பிகள். 2022இல் குன்மிங்-மான்ட்ரியால் பல்லுயிர் உடன்பாட்டில் இனப்பெருக்கக் கணக்கிலான கூட்ட அளவு (அடுத்த தலைமுறைக்கு உண்மையில் பங்கு தரும் செடிகளின் அளவு) 500க்கு மேல் இருக்கிறதா என்பதையும் ஒரு குறியீடாகச் சேர்த்திருக்கிறார்கள். கணக்கிலான 500 என்பது காட்டில் சுமார் 5,000 முதிர்ந்த செடி என்பது தோராயமாக வைத்துக்கொள்ளும் விகிதம். ஆகவே தலை எண்ணிய நோட்டும் வேண்டும். டிஎன்ஏ வரிசைத் தரவை ஃபரிதாபாத்தில் இருக்கும் இந்திய உயிரியல் தரவு மையத்தில் சேர்க்கலாம். மிஞ்சிய இலைப் பொட்டலங்களைப் புது சிலிக்காவோடு வைத்திருங்கள், நாளைக்கு வேறு மார்க்கர் வரும்.

ஒவ்வொரு மலைக்கும் இப்படி ஓர் அடிப்படைப் பட்டியல் இருந்துவிட்டால், சந்தைக் கிழங்கின் தோலைச் சுரண்டி டிஎன்ஏ எடுத்து, எந்த மலைக் கூட்டத்தோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று பார்க்கமுடியும். எங்கள் பட்டியலில் இன்னும் சில மலைகள்தான் இருக்கின்றன. போன சீசனில் அம்மா வாங்கின கிழங்கிலிருந்து ஒரு துண்டை நறுக்கிச் சிலிக்காவில் போட்டேன். எந்தக் குவியல், எந்தத் தேதி என்று பென்சிலால் எழுதியும் வைத்தேன். பிசிஆரில் மூன்று மார்க்கர்தான் வேலை செய்தன, அது போதாது. இந்த வருஷம் வாங்கும்போது தோல் காயாத, கையில் மண் ஒட்டுகிற கிழங்காகப் பார்த்து வாங்கவேண்டும். அம்மாவுக்குத் தெரியாமல் நறுக்கவேண்டும்.